மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே வயர்

மார்ச் 3, ஞாயிறு
மாடி

அக்காவுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. வராததை எழுதி என்ன ஆகப்போகிறது, விட்டுவிட்டேன்.

நேற்று சாயங்காலம் பட்டாணி வீடியோவில் வந்தாள். முன்பல் விழுந்துவிட்டதாம். வாயைப் பெரிதாகத் திறந்து, “அப்பா, இங்க பாரு, ஓட்டை வழியா நாக்கு வெளிய வருது!” என்று காட்டினாள். நான் “அட!” என்று சொல்வதற்குள் அவள் முகம் அப்படியே நின்றுபோனது. திறந்த வாய் திறந்தபடி. அப்புறம் அந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மறுபடி கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் வந்தது, போனது. மறுபடி கூப்பிட்டேன். அவள் அம்மாதான் எடுத்தாள். “குழந்தை அழுதுட்டு உள்ள போயிட்டா” என்றாள். வைத்துவிட்டாள்.

இது இரண்டாவது சனிக்கிழமை. உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். நாங்கள் பிரிந்தபோது ஆலோசனை மையத்து மேடம் போட்டுக் கொடுத்த ஏற்பாடு இது: வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம், வீட்டில் அமைதியான அறையில் உட்கார்ந்து என் மகளோடு நான் வீடியோவில் பேசலாம். ஒழுங்காக நடந்தால், அவளை இங்கே அனுப்புவதைப் பற்றிப் பேசுவார்கள். நடக்காவிட்டால் வாராவாரம் என்பது போய்விடும். மாதம் ஒருமுறை, அவர்கள் அலுவலகத்தில், பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க நான் பேச வேண்டும். ஆறு வயசுப் பிள்ளையை அப்படிப் பார்க்கவா நான் அப்பனானேன்?

கேபிள் தெருவிலிருந்து உன் வீட்டுக்குள்தான் வருகிறது. மோடம் உன் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். அதிலிருந்து உன் வைஃபை பெட்டி. அதிலிருந்துதான் ஜன்னல் வழியாக எனக்கு வயர் மேலே ஏறுகிறது. வாரநாளில் நெட் நன்றாக இருக்கிறது என்று நீயே பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொல்லியிருக்கிறாய். அப்புறம் சனிக்கிழமை மட்டும் கேபிளுக்குக் காய்ச்சல் வருமா?

அன்றைக்கு மேடம் முன்னால் உட்கார்ந்து நீ சொன்னது போதாதா? இப்போது பிளக்கையும் பிடுங்க ஆரம்பித்துவிட்டாயா?

ஃபோனில் உன்னை ப்ளாக் செய்திருக்கிறேன், அது அப்படியே இருக்கும். பதில் சொல்ல வாய் இருந்தால் மாடிப்படி கேட்டில் செருகி வை.

தம்பி


மார்ச் 4, திங்கள்
கீழ் வீடு

தம்பிக்கு,

அன்பு வரவில்லை என்றாய். எனக்கும் ஒன்றும் பொங்கி வழியவில்லை, கவலைப்படாதே.

பிளக்கைப் பிடுங்குகிறேனாம்! பிடுங்கினால் என் பிழைப்பும் சேர்ந்து போகும் என்கிற அறிவு வேண்டாமா உனக்கு? பல் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள் நான். சனிக்கிழமை சாயங்காலம்தான் அடுத்த வாரம் யார் யார், எந்த நேரம் என்று வீட்டிலிருந்து பதிந்து அனுப்புவேன். போன இரண்டு சனிக்கிழமையும் நான் பாதி பதிந்துகொண்டிருக்கும்போதே நெட் செத்துப்போனது. பதிந்தது பதிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. இன்றைக்குக் காலையில் ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள், இரண்டு பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. டாக்டர் எல்லார் முன்னாலும் கேட்கிறார்: “ஏம்மா, என்கிட்ட இருக்கறது ஒரு நாற்காலி. ஒருத்தரை இன்னொருத்தர் மடியில உக்காரவைக்கவா?” அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

நான் அல்லவா உன்னைக் கேட்க வேண்டும்? சனிக்கிழமை நீ மதியம் வீட்டுக்கு வருகிறாய். வந்த கொஞ்ச நேரத்தில் என் நெட் போகிறது. நீ ராத்திரி விளக்கை அணைத்துப் படுக்கிறாய், வந்துவிடுகிறது. மேலே என்னதான் செய்து தொலைக்கிறாய்?

இன்னொன்று. மேடம் முன்னால் நான் சொன்னதை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாய், ஏன் சொன்னேன் என்று என்னிடம் மட்டும் கேட்டதில்லை. “உங்க தம்பி கோவம் வந்தா சாமான் எறிவாரா?” என்று கேட்டார்கள். எறிவான் என்றேன். என் கண்ணால் பார்த்தவள் வேறு என்ன சொல்ல? “குழந்தை மேல கை வச்சிருக்காரா?” என்றார்கள். ஒருநாளும் இல்லை, சத்தியம் செய்கிறேன் என்றேன். இரண்டாவது உன் காதில் ஏறவே இல்லை.

கேபிள் கம்பெனிக்கு ஃபோன் போட்டிருக்கிறேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள், முக்கியமான அழைப்பை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தவன் வியாழக்கிழமை ஆள் வரும் என்றான். வந்து பார்த்து, குற்றம் யாருடையது என்று சொல்லட்டும்.

அக்கா


மார்ச் 6, புதன்
மாடி

அக்காவுக்கு,

மேலே என்ன செய்கிறேன் என்று கேட்டாய். ஒளிக்க ஒன்றுமில்லை, கேட்டுக்கொள்.

உன் வைஃபையில் பேசினால் உன் தயவில் பேசின மாதிரி ஆகும். அது எனக்கு வேண்டாம். எங்கள் கம்பெனியில் ஒருத்தர் புது ரூட்டர் வாங்கிவிட்டு பழையதை மூலையில் போட்டிருந்தார், கேட்டு வாங்கிவந்தேன். கீழேயிருந்து வருகிற வயரை அதில் செருகினேன். பின்னால் நீலமாக ஒரு ஓட்டை, மஞ்சளாக நாலு ஓட்டை. நீலத்தில் கிளிப் உடைந்து வயர் நிற்கவில்லை. மஞ்சளில் செருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது, பச்சை விளக்கும் வந்தது. அவ்வளவுதான் விஷயம். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வயர் செருகத் தெரியாது என்றால் சிரிப்பார்கள். பத்து மாடிக் கட்டடத்தில் தொங்குகிற வயரையெல்லாம் இருட்டில் தடவியே சொல்வேன் எது எதுவென்று.

அந்தப் பெட்டி சீக்கிரம் சூடாகிறது. வாரநாளில் நான் தூங்கத்தானே வருகிறேன், அதனால் சனிக்கிழமை மட்டும் போடுகிறேன். ஒரு நாள் ஓடுகிற பெட்டியால் உன் நெட் போகிறதாம்! என்ன கதை!

மொபைல் நெட்டில் பேசேன் என்று சொல்வாய். வீட்டுக்குள் ஒரு கோடுகூட ஏறுவதில்லை. முதல் வாரம் தெருமுனையில் நின்று பேசிப் பார்த்தேன். பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. “இதுதான் அமைதியான அறையா?” என்று பட்டாணியின் அம்மா மேடத்துக்கு எழுதிவிட்டாள்.

நாளைக்கு உன் கேபிள்காரர் வரட்டும். உன் பக்கத்துக் கோளாறு வெளியே வரட்டும்.

தம்பி


மார்ச் 10, ஞாயிறு
கீழ் வீடு

தம்பிக்கு,

உட்கார்ந்து, பொறுமையாக, கடைசி வரை படி. பாதியில் கசக்கி எறியாதே.

வியாழக்கிழமை ஆள் வந்தார். மோடத்தைப் பார்த்தார், கேபிளைக் கழற்றி ஏதோ கருவியில் மாட்டிப் பார்த்தார். “சிக்னல் சூப்பரா இருக்கும்மா” என்றார். சனிக்கிழமை போகிறதே என்றேன். “சனிக்கிழமை கூப்பிடுங்க” என்றார். சனிக்கிழமை வருவீர்களா? “சனிக்கிழமை எங்களுக்கு லீவு.” என் வேலை மோடம் வரைக்கும்தான், அதுக்கு அப்புறம் வீட்டுக்குள்ள நடக்கறது உங்க பாடு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். முட்டிக்கொள்ளச் சுவர் மட்டும்தான் பாக்கி.

நேற்றும் அதேதான் நடந்தது. நான் பதிந்துகொண்டிருந்தேன், நின்றது. மேலே நீ “பட்டாணி, பட்டாணி” என்று கத்துவது கேட்டது. கேட்கச் சகிக்கவில்லை. ஆத்திரத்தில் என் வைஃபை பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த விலாசத்தை லேப்டாப்பில் தட்டினேன். அதைத் தட்டினால் பெட்டியின் உள்பக்கம் திறக்கும். என்னுடையது நீலப் பக்கம், அந்தக் கம்பெனி பேரோடு வரும். நேற்று வந்தது ஆரஞ்சுப் பக்கம். வேறு கம்பெனி, வேறு பேர். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று பயந்துபோனேன். பாஸ்வேர்ட் கேட்டது. யாரும் மாற்றாமல் விட்ட பெட்டிகளுக்கெல்லாம் கம்பெனிக்காரன் வைத்த ஒரே வார்த்தைதான் இருக்கும், அதைப் போட்டேன். திறந்தது. உள்ளே யார் யார் என்று ஒரு பட்டியல். என் பிரிண்டர், என் ஃபோன், என் டிவி, உன் ஃபோன்.

அது உன் பெட்டி, தம்பி.

என் மேஜை பாஷையில் சொல்கிறேன், புரியும். மோடத்துக்கு வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. கேபிளில் வருவதை நமக்குப் புரிகிற மாதிரியும், நாம் அனுப்புவதைக் கேபிளுக்குப் புரிகிற மாதிரியும் மாற்றித் தரும், அவ்வளவுதான். வெளியுலகத்துக்கு நம் வீடு மொத்தமும் ஒரே ஆள். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுப்பது ரூட்டர். யார் என்ன கேட்டார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் சரியான ஆளிடம் சேர்ப்பதும் அதுதான். கிளினிக்கில் நான் டோக்கன் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்.

நீல ஓட்டை தெருப்பக்க வாசல். மஞ்சள் ஓட்டைகள் உள்ளறைகள். நீலத்தில் செருகியிருந்தால் உன் பெட்டி தன் பாட்டுக்கு உன் மாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். மஞ்சளில் செருகினதால் அது என் ஹாலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, எனக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை போட்டு, அதுவும் டோக்கன் கொடுக்கிறது. போதாததற்கு இரண்டு பெட்டிக்கும் கம்பெனிக்காரன் வைத்தது ஒரே விலாசம். கேட்கிறவர்களுக்கு எது அசல் மேஜை என்று தெரியவில்லை. என் மேஜைக்கு வந்தால் வேலை நடக்கிறது. உன் மேஜைக்கு வந்தால், “வா, வழி காட்டறேன்” என்று கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டுகிறது, ஏனென்றால் அதன் தெருவாசலில் வயரே இல்லை. அதனால்தான் பட்டாணி கொஞ்ச நேரம் வருகிறாள், போகிறாள். அதனால்தான் சனிக்கிழமை மட்டும்.

நீயும் பிடுங்கவில்லை, நானும் பிடுங்கவில்லை. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பழித்ததுதான் மிச்சம்.

நேற்றே உள்ளே போய் இரண்டு காரியம் செய்துவிட்டேன், முடிப்பதற்குள் உன் நேரம் தீர்ந்துவிட்டது. உன் பெட்டி நம்பர் கொடுப்பதை நிறுத்தினேன். அதன் விலாசத்தை வேறாக மாற்றினேன். இனி அது மாடியில் வைஃபை மட்டும் பரப்பும், மற்றதை என் பெட்டி பார்த்துக்கொள்ளும். உன் பாஸ்வேர்டைத் தொடவில்லை. உன் ஃபோனை நிரந்தரமாக வெளியே தள்ள அங்கே ஒரு பொத்தான் இருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தேன். தொடவில்லை.

ஒன்றே ஒன்று. பெட்டியின் முதுகில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை இருக்கும். அதில் குத்தினால் நான் செய்ததெல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடும். அதன் பக்கமே போகாதே.

அக்கா


மார்ச் 12, செவ்வாய்
மாடி

ஆக, உள்ளே நுழைந்தாய். உன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டாய். மேடத்திடம் காட்ட இதைவிட என்ன வேண்டும்?

என் பெட்டிக்குள் என்னைக் கேட்காமல் போக நீ யார்? பொத்தானைப் பார்த்தாளாம், தொடவில்லையாம். பெரிய தர்மதுரை! நான் போய் விழுந்து கும்பிட வேண்டுமா?

நேற்று பெட்டியைப் போட்டு, அதன் அடியில் இருக்கிற விலாசத்தைத் தட்டினேன். நீலப் பக்கம் வந்தது. உன் பெட்டி! என் வீட்டுக் கதவைத் திறந்தால் உன் ஹால் தெரிகிறது என்றால் அதற்கு என்ன பேர்? கோளாறைச் சரிசெய்தது என்று பேரா? என் பெட்டியை என்னிடமிருந்தே பறித்துக்கொண்டாய். மேஜை, டோக்கன், சுவர் என்று கதை கட்டினால் நான் தலையாட்டிவிடுவேனா?

மேடத்திடமிருந்து செய்தி வந்திருக்கிறது. மூன்று வாரம் சரியாக நடக்கவில்லை, வருகிற சனிக்கிழமைதான் கடைசி, அதுவும் தவறினால் மாதம் ஒருமுறை அலுவலகத்தில் என்று. படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

லிஃப்ட் மாட்டிக்கொண்டால் என்ன செய்வோம் தெரியுமா? மெயினை அணைத்து, எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, முதலிலிருந்து போடுவோம். முக்கால்வாசி அதிலேயே சரியாகிவிடும். அதைத்தான் செய்யப்போகிறேன். எங்கே குத்த வேண்டும் என்று நீயே சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி.


மார்ச் 13, புதன்
கீழ் வீடு

தம்பி,

உன் பெட்டியின் விலாசத்தைத் தட்டினால் என் பக்கம் வருவது, அந்த விலாசம் இப்போது என் பெட்டிக்கு மட்டும் இருப்பதால். அது சரியாகிவிட்டதற்கு அடையாளமடா! உன் பெட்டியின் புது விலாசத்தை இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், தட்டிப் பார், உன் ஆரஞ்சுப் பக்கம் வரும். அங்கே போய் பாஸ்வேர்டை மாற்றிக்கொள். என்னைப் பூட்டி வெளியே தள்ளு. எனக்கு ஆட்சேபனையே இல்லை.

கேட்காமல் போனது தப்பு என்கிறாயா, தப்புதான். என்னைத் திட்டு. என் கிளினிக்குக்கு வந்து எல்லார் முன்னாலும் திட்டு. அந்தத் துளையை மட்டும் விட்டுவிடு. நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். உன்னிடம் கெஞ்சுகிறேன்.

அக்கா


மார்ச் 16, சனி
கீழ் வீடு

குத்திவிட்டாய்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. பிரிண்டர் ஓடிக்கொண்டே இருந்தது, பாதிப் பக்கத்தில் நின்றது. எழுந்து மாடிக்கு ஓடிவந்தேன். கேட்டைப் பூட்டியிருந்தாய். கம்பியைப் பிடித்து ஆட்டிக் கத்தினேன், “டேய், பெட்டியை அணைடா, அதை மட்டும் அணை” என்று. எதிர்வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். உனக்குக் கேட்கவில்லை, இல்லை, கேட்டும் திறக்கவில்லை. “கேக்குதா கண்ணு, அப்பா பேசறது கேக்குதா” என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். குழந்தைக்குக் கேட்டிருக்காது. எனக்குத்தான் கேட்டது.

அப்புறம் சுவரில் ஏதோ மோதி உடைகிற சத்தம்.

என்னவென்று கேட்க மாட்டேன். அடுத்த முறை என்னிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன். உன்னை நினைத்தால் எனக்கு ஆத்திர ஆத்திரமாக வருகிறது. அழுகையும் வருகிறது. இரண்டில் எது முதலில் என்று எனக்கே தெரியவில்லை.


மார்ச் 18, திங்கள்
மாடி

அக்கா,

உடைந்தது பெட்டிதான். கால் முளைத்து ஓடிப்போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளவில்லை, நான்தான் எறிந்தேன். விளக்கெல்லாம் அணைந்து கீழே விழுந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அப்போது கீழே உன் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. நின்றுபோன பக்கத்திலிருந்து கடகடவென்று அடித்துத் தள்ளியது, மேலே தெளிவாகக் கேட்டது. ஏழெட்டுப் பக்கம் அடித்திருக்கும். நான் தரையில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ எழுதினது அத்தனையும் அப்போதுதான் என் மண்டைக்குள் போனது. அதற்கு முன்னால் நான் அதைப் படிக்கவே இல்லை, எங்கே உன்னைப் பிடிக்கலாம் என்று தேடிக்கொண்டு போனேன். நீ ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால்கூட நான் இப்படித் தோற்றிருக்க மாட்டேன் என்று எழுத வருகிறது. அதுவும் பொய். நீ சரிசெய்து வைத்ததை நான்தான் குத்திக் கெடுத்தேன்.

மேடம் எழுதிவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து அலுவலகத்தில், மாதம் ஒருமுறை. நான் திரும்ப ஃபோன் செய்தேன். “எங்க வீட்டு ரூட்டர்...” என்று ஆரம்பித்தேன். “போன வாரம் கேபிள்னு சொன்னீங்க, அதுக்கு முந்தின வாரம் உங்க அக்கான்னு சொன்னீங்க” என்றார். ஆமாம், சொல்லியிருக்கிறேன். நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

யாரிடம் போய் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. கையாலாகாமல் இருக்கிறேன்.

தம்பி


மார்ச் 21, வியாழன்
கீழ் வீடு

தம்பிக்கு,

உன்னைக் கேட்காமல் இன்னொரு காரியம் செய்துவிட்டேன். முதலில் படித்துவிட்டுப் பிறகு கத்து.

நேற்று கிளினிக் முடிந்து நேராகப் பட்டாணியின் அம்மாவைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே நிற்கவைத்தாள். “அவர் அனுப்பினாரா?” என்றாள். அனுப்பவில்லை, தெரிந்தால் என்னைத் தின்றுவிடுவான் என்றேன். உள்ளே விட்டாள். ஒரு தாளில் இரண்டு பெட்டியும் வரைந்து, நீல ஓட்டை, மஞ்சள் ஓட்டை எல்லாம் போட்டுக் காட்டினேன். வேறு எதையும் மறைக்கவில்லை. நான் சரிசெய்ததையும், நீ அதைக் கெடுத்ததையும், பெட்டியைச் சுவரில் அடித்ததையும் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். “அவர் மாறலன்னும் நீங்கதான் சொல்றீங்க. ஃபோன் கட் ஆனதுக்கு அவர் வேணும்னு எதுவும் செய்யலன்னும் நீங்கதான் சொல்றீங்க.”

“ரெண்டும் உண்மைதாம்மா. நான் என்ன செய்ய?”

“வேற யாரு வந்து சொல்லியிருந்தாலும் போங்கன்னு சொல்லியிருப்பேன் அண்ணி. மேடம் முன்னாடி அவர் மூஞ்சிக்கு நேரா அவரைப் பத்திச் சொன்ன ஒரே ஆள் நீங்கதான். அவருக்காகப் பொய் சொல்லிட்டு என் வாசல்ல வந்து நிக்க மாட்டீங்க.”

நீ ஏழு மாதமாக என்னோடு பேசாததற்குக் காரணமான அந்த வார்த்தை இருக்கிறதே, அதற்காகத்தான் அவள் என்னை நம்பினாள். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன், பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

மேடத்திடம் அவளே பேசினாள். வருகிற சனிக்கிழமை ஒன்று தந்திருக்கிறார்கள். கட் ஆகாமல் நடந்தால் வாராவாரம் தொடரும். குழந்தையை இங்கே அனுப்புகிற பேச்சு இப்போது இல்லை. பெட்டியை எறிந்த கதையை நான் சொன்னதால் அது போனது. நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் மற்றதையும் அவள் நம்பியிருக்க மாட்டாள். கோபம் வந்தால் வரட்டும்.

சனிக்கிழமை என் லேப்டாப்பை எடுத்துக்கொள். என் வேலையை வெள்ளிக்கிழமையே முடித்துவிடுவேன். மேலே வருகிற வயரை நேராக அதில் செருகு. நடுவில் எந்தப் பெட்டியும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம். செருகினால் போதும். வேறு எதையும், தயவுசெய்து, எதையும் தொடாதே.

அக்கா


மார்ச் 24, ஞாயிறு
மாடி

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை முழுக்கத் திட்டினேன். குழந்தையை அனுப்புவது பற்றி நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் நீ சொன்னபடியே செருகினேன். வேறு எதையும் தொடவில்லை.

நேற்று லைன் கட் ஆகாமல் நின்றது. ஒரு மணி நேரமும் நின்றது, ஒரு தடவைகூட உறையவில்லை. சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம் இது, ஆனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பட்டாணி வந்ததும் வராததுமாக மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தாள். புது மிஸ், பூனை குட்டி போட்டது, சிநேகிதி இவள் பென்சிலை எடுத்துக்கொண்டது, கீழே விழுந்து முட்டியில் காயம், எல்லாம் ஒரே மூச்சில். நான் நடுவில் ஏதாவது கேட்டால், “அப்பறம் சொல்றேன், அப்பறம் சொல்றேன்” என்று தள்ளிவிட்டு அடுத்ததற்கு ஓடினாள். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. முடித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“அப்பா, இன்னும் கட் ஆகலையா?”

“இல்லடா கண்ணு.”

“எப்ப ஆகும்?”

ஆகாது என்றேன். அவள் நம்பவில்லை. இந்த ஒரு மாதத்தில் என் பிள்ளை என்னோடு பேசக் கற்றுக்கொண்டது அப்படித்தான் அக்கா. கட் ஆவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று. நீளமான கதையை ஆரம்பிக்கவே பயந்தாள். ஏதாவது சொல்லேன், பூனைக்குட்டி என்ன நிறம் என்றேன், “அது பெரிய கதைப்பா, பாதில போயிடும்” என்றாள். என் முகம் அவளுக்குத் தெரியக்கூடாதென்று டம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடித்தேன்.

அப்புறம் அவளே படம் வரைகிற நோட்டையும் கலர் பென்சிலையும் எடுத்துவந்து திரைக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டாள். வரைய ஆரம்பித்தாள். எனக்கு அவள் உச்சந்தலையும் வகிடும்தான் தெரிந்தது. மீதி நேரம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் பேச ஒன்றும் இல்லை, அவளுக்கும் இல்லை. ஒரே அறையில் இருக்கிறவர்கள் அப்படித்தானே இருப்பார்கள்.

அவ்வப்போது தலையைத் தூக்காமலே கேட்பாள். “இருக்கியா?”

“இருக்கேன்.”

மறுபடி வரைவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பாள். நானும் இருக்கேன் இருக்கேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் கேட்பதை நிறுத்தினாள்.

தம்பி